ஐம்பதாயிரத்தில் ஜாஸ் கிட்: முதலில் ரைடு, அப்புறம்தான் டிரம்

ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் ஜாஸ் வாசிக்க ஒரு டிரம் கிட் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். கடைக்குள் நுழைந்ததும் டிரம் பக்கம் திரும்பாதே, நேராக சிம்பல் மாட்டியிருக்கும் சுவருக்குப் போ. கேட்கிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். பளபளவென்று அடுக்கி வைத்த ஐந்து டிரம்மைப் பார்த்து மயங்கி வந்திருப்பார்கள், அவர்களிடம் போய், காசில் பெரிய பங்கை ரைடு என்கிற, பாட்டு முழுக்கத் தாளம் ஓட்டும் ஒரே ஒரு வட்டத் தகட்டுக்குக் கொடு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

போன தடவை அப்படி முகம் சுருங்கியது என் அக்கா மகனுக்கு. சின்ன வயதிலிருந்து பெங்களூர் அல்சூரில் மிருதங்கம் கற்றுக்கொண்டவன், கல்லூரிக்குப் போனதும் ஜாஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. "மாமா, ஆன்லைன்ல ஃபுல் செட் முப்பதாயிரத்துக்கு வருது. சிம்பல், ஸ்டாண்டு, ஸ்டூல் எல்லாம் அதுலயே இருக்கு. மிச்சக் காசுக்கு டபுள் பெடல் வாங்கிடட்டுமா?" என்றான். இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அடிக்கிற டபுள் பெடல் ஜாஸுக்கு எதற்குடா என்றேன். பதில் இல்லை. வாட்ஸாப்பில் அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு இன்னும் சிலர் வந்து நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது.

அந்த முப்பதாயிரம் ரூபாய் செட்டில் என்ன இருக்கும்? பெரும்பாலும் காலால் மிதித்து அடிக்கும் 22 அங்குல பேஸ் டிரம், அதன் மேல் மாட்டும் 12, 13 அங்குல டாம் இரண்டு, தரையில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம், அடியில் கம்பிகள் சரசரக்கும் 14 அங்குல ஸ்னேர். ராக் வாசிக்க, சர்ச்சில் வாசிக்க, கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க ஒரு குறையும் இல்லாத அளவுகள். சிம்பல் என்று கூடவே கொடுப்பார்களே, அதுதான் பிரச்சினை. முக்கால்வாசி செட்டுகளில் அது பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை குத்துவிளக்குக்கு அருமையான உலோகம், சிம்பலுக்கு இல்லை. அடித்தால் 'டங்' என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் ஒன்றும் வராது. நல்ல சிம்பல் வெண்கலத்தில் வருகிறது. அதிலும் இரண்டு வகை: 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது பி8, 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது பி20. கோயில் மணி வார்க்கிற வெண்கலம் ஏறக்குறைய இந்த இரண்டாவது வகைதான். பி8 என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது, பைஸ்டே கம்பெனியின் 2002 வரிசை பி8தான், ராக் உலகில் அதற்குத் தனி மரியாதை. ஆனால் ஜாஸ் ரைடு என்று வந்தால் நான் பி20 பக்கம்தான்.

ரைடுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1930களின் ஸ்விங் காலத்தில் தாளத்தைத் தாங்கியது பேஸ் டிரம். பெரிய பேண்டு, ஆடுகிற கூட்டம், 26, 28 அங்குலத்துக்கு ஆளுயரத்தில் பாதி இருக்கும் பேஸ் டிரம்மை நாலு தட்டும் காலால் மிதித்துக்கொண்டே இருப்பார்கள். 40களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் என்கிற கிளப்பில் கென்னி கிளார்க் போன்ற டிரம்மர்கள் அந்த வேலையைக் காலிலிருந்து எடுத்து வலது கையில், ரைடு சிம்பலில் வைத்தார்கள். கால் விடுதலையானது, எதிர்பாராத இடத்தில் ஒரு அடி போடலாம், ஸ்னேரோடு பேசிக்கொள்ளலாம். அதிலிருந்து ஜாஸ் டிரம்மர் என்றால் அவருடைய ரைடுதான். ஒரு பாட்டு முழுக்க நிற்காமல் ஓடுவது அது ஒன்றுதான், டாம்கள் அவ்வப்போது வந்து தலை காட்டிவிட்டுப் போகும். என் அக்கா மகனுக்கு ஒரே வரியில் புரிந்தது: "சர்வலகு வாசிக்கிற கை அதுதான்டா. அந்தக் கைக்குக் கிடைக்கிற நாதம் மட்டமா இருந்தா மோரா வச்சு என்ன பண்ணப்போற?" (சர்வலகு என்றால் பாட்டோடு சீராக ஓடும் நடை, மோரா என்றால் மூன்று முறை வந்து முடியும் முத்தாய்ப்பு.)

(இடையில் ஒன்று. கர்நாடக தாளம் படித்த பிள்ளை ஜாஸுக்குப் போவதைப் பார்த்து அக்கா வீட்டில் கொஞ்சம் புலம்பல். நம் ஊரில் இது புதிது இல்லை. டி.ஏ.எஸ். மணி 1964ல் இங்கே தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன்காரரோடு சேர்ந்து ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனத்துக்கு வாசித்த இசைத்தட்டு 1983ல் வந்தது, அதில் பாடியது ராமமணி. அக்காவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். "இது நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டாள்.)

ரைடுக்குக் காசு போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம், இது முழுக்க நடைமுறை. இந்திராநகரிலோ ஒயிட்ஃபீல்டிலோ கோரமங்களாவிலோ எங்கே வாசிக்கக் கூப்பிட்டாலும், ஜாம் ரூமை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தாலும், அங்கே ஒரு கிட் ஏற்கெனவே போட்டிருக்கும். டிரம்மர் கொண்டுபோவது சிம்பல், ஸ்னேர், பெடல், ஸ்டிக். அதாவது உங்களுடைய டிரம் வீட்டைவிட்டு வெளியே போகும் வாய்ப்பு குறைவு, உங்களுடைய ரைடு உங்களோடு எல்லா இடத்துக்கும் வரும். கேட்கிறவர்கள் காதில் விழப்போவதும் அதுதான். நாளைக்கு விற்க நினைத்தாலும் அப்படித்தான், விரிசல் விடாத நல்ல பி20 ரைடுக்கு விலை லேசில் இறங்காது, மலிவு கிட்டைப் பிரித்த அன்றைக்கே பாதி விலை போய்விடும்.

சரி, எந்த ரைடு? 20லிருந்து 22 அங்குலம், மெல்லியதிலிருந்து நடுத்தர கனம் வரை. ஜில்ஜியன் 1623ல் கான்ஸ்டான்டினோபிளில் ஆரம்பித்த குடும்பத் தொழில், அவர்கள் 'கே' வரிசையைத்தான் எல்லோரும் கனவு காண்பார்கள். பழைய ஜாஸ் ரெக்கார்டுகளில் கேட்கும் கே சிம்பல்கள் இஸ்தான்புல்லில் கையால் அடித்து உருவாக்கி, கிரெட்ச் கம்பெனி வழியாக அமெரிக்காவுக்குப் போனவை. இன்றைக்கு கே வரிசையைப் புதிதாக வாங்குவது நம் பட்ஜெட்டில் நடக்காது. அதே துருக்கிப் பாணியில் இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மெத், மைனலின் பைசன்ஸ் வரிசை இருக்கின்றன, சீனாவின் வூஹானில் செய்து கனடா கம்பெனி ஒன்று விற்கும் டிரீம் பிலிஸ் இருக்கிறது. டிரீம் சிம்பலை நம் ஆட்கள் பலர் கண்டுகொள்வதில்லை, என்னைக் கேட்டால் இந்த விலைக்கு அதன் இருண்ட, படர்கிற சத்தம் மோசமே இல்லை. ஆனாலும் நான் முதலில் தேடச் சொல்வது பழையதைத்தான். வேலை நிமித்தம் பெங்களூருக்கு வந்து, இரண்டு வருஷம் வாசித்து, கல்யாணம் ஆகி, ஒரு படுக்கையறை வீட்டில் இடமில்லாமல் விற்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுடைய கல்யாணம் நமக்கு லாபம்.

பழைய ரைடை வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று விஷயம். விளிம்பைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் நகம் தட்டும். நடு ஓட்டையைப் பாருங்கள். மெட்டல் கம்பியில் உரசி உரசி வட்டம் நீள்வட்டமாக மாறியிருந்தால், ரொம்ப நாள் பிளாஸ்டிக் ஸ்லீவ் இல்லாமலே வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அங்கிருந்தும் விரிசல் கிளம்பும். மூன்றாவது எடை. லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 20 அங்குல ரைடு இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தால் நமக்கானது, இரண்டரைக் கிலோ என்று காட்டினால் அது கிடார் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரச் செய்த சாமான், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அப்புறம் வாசித்துப் பார்க்க வேண்டும், உங்களுடைய ஸ்டிக்கோடு. கடையில் கிடக்கும் ஸ்டிக்கை எடுக்காதீர்கள், நைலான் முனை இருந்தால் எந்த சிம்பலும் கொஞ்சம் பளிச்சென்றுதான் கேட்கும். மர முனை, 7ஏ அல்லது 5ஏ என்கிற ஸ்டிக் அளவு. ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு "சூப்பர்" என்பதில் பயனில்லை. சின்னச் சத்தத்தில், பக்கத்தில் டபுள் பேஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) வாசிக்கிறவர் நிற்பதாக நினைத்துக்கொண்டு, 'டிங் டிங்-க-டிங்' என்று ஐந்து நிமிஷம் விடாமல் ஓட்டுங்கள். முதல் ஒரு நிமிஷம் எல்லா சிம்பலும் அழகாக இருக்கும். அதற்கப்புறம்தான் தெரியும், பின்னால் எழும் அலை ஏறிக்கொண்டே போய் ஸ்டிக் சத்தத்தை விழுங்குகிறதா, இல்லை ஓர் அளவில் நின்றுவிடுகிறதா என்று. ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்க வேண்டும், ஆனால் இரண்டு தட்டுக்கு நடுவே வெறுமையும் இருக்கக் கூடாது. கூட வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய் ஒருமுறை கேளுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பதும் எதிரே நின்று கேட்பதும் இரண்டு வேறு சிம்பல் என்று தோன்றும். அக்கா மகனுக்கு 20 அங்குல இஸ்தான்புல் மெஹ்மெத் ஒன்று கம்மனஹள்ளியில் ஒரு ஐ.டி. தம்பியிடம் பதினெட்டாயிரத்துக்குக் கிடைத்தது. கிடைக்காமல் கனமான ரைடோடுதான் காலம் தள்ள வேண்டும் என்றால் அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் துணி டேப் ஒட்டுங்கள், அலை அடங்கும். ரிவெட் போட்ட, அதாவது துளையில் தளர்வாக ஆணி மாட்டிய சிம்பலின் சரசரப்பு வேண்டும் என்றால் சிம்பலில் துளை போடத் தேவையே இல்லை, சிவாஜிநகர் ஹார்டுவேர் கடையில் வாஷ்பேசின் அடைப்பானுக்கு விற்கும் உருண்டை மணிச் சங்கிலியை ஒரு சாண் வாங்கி ஸ்டாண்டின் உச்சித் திருகில் சுற்றித் தொங்கவிடுங்கள். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

இப்போது டிரம்முக்கு வருவோம். ஜாஸ் கிட் என்றால் 18 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம், 14 அங்குல ஸ்னேர் என்று ஒரு சூத்திரம் உண்டு. சாக்ஸஃபோன் மேதை கோல்ட்ரேனோடு எல்வின் ஜோன்ஸ் வாசித்ததும், 1963ல் பதினேழு வயதில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்த டோனி வில்லியம்ஸ் வாசித்ததும் 18 அங்குல கிரெட்ச்தான், அதனால் அந்த அளவுக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. பக்தி இருக்கட்டும், சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 20 அங்குலத்தில் வாசித்த மகா மேதைகளும் இருக்கிறார்கள், ஃபிலி ஜோ ஜோன்ஸ் போதாதா? அதே டோனி வில்லியம்ஸ் பின்னாளில் 24 அங்குலத்துக்குப் போய்விட்டார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக 18 அங்குலம் வேண்டும் என்றால் நல்ல பெயர்கள் உண்டு. கிரெட்ச் கேட்டலினா கிளப் (மஹோகனி மரம், மேலே சொன்ன அதே சூத்திர அளவுகள்), யமஹா ஸ்டேஜ் கஸ்டம் பாப் (bop) அளவு (பிர்ச் மரம்), சோனார் ஏக்யூ2 பாப், டாமா கிளப்-ஜாம் (18, 10, 14). இவற்றில் எது கிடைத்தாலும் சந்தோஷமாக வாசிக்கலாம். ஆனால் இவை பெரும்பாலும் வெறும் டிரம்மாகத்தான் வரும், ஸ்டாண்ட், பெடல், சிம்பல் எல்லாம் தனிக் காசு, கூட்டிப் பார்த்தால் நம் ஐம்பதாயிரம் எங்கேயோ நிற்கும். லுட்விக் பிரேக்பீட்ஸ், பேர்ல் மிட்டவுன் மாதிரி 16 அங்குல பேஸ் டிரம் வைத்த குட்டிக் கிட்களும் உண்டு. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வசதி, ஒயிட்ஃபீல்ட் பக்கம் வேலை முடிந்து மழையில் திரும்பும்போது அந்த வசதியின் அருமை தெரியும். ஆனால் முதல் கிட்டாக 16 எனக்கு உவப்பில்லை, பேஸ் டிரம் என்ற பெயரில் இன்னொரு டாம் மாதிரிதான் கேட்கிறது.

பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் தேட வேண்டியது ஃபியூஷன் அளவு. பழைய சாமான் விளம்பரங்களில் ஜாஸ் கிட் என்று தேடினால் ஒன்றும் வராது, வந்தாலும் அந்தப் பெயருக்கே பத்தாயிரம் கூடச் சொல்வார்கள். 20 அங்குல பேஸ் டிரம், 10, 12, 14 டாம்கள் என்று போட்டிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். 10 அங்குலத்தைக் கழற்றி பீரோ மேல் வையுங்கள். மிச்சம் இருப்பது 20, 12, 14. ஜாஸ் கிட் வந்துவிட்டது, பெயருக்குக் கூடுதல் காசும் கொடுக்கவில்லை.

இவனுக்கு அப்படி ஒன்று கிடைத்தது காக்ஸ் டவுனில். சர்ச்சிலும் கல்யாண பேண்டிலும் முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்த ஒரு அங்கிள், முட்டி வலியால் நிறுத்திவிட்டார், கிட் மாடிப்படிக்குக் கீழே படுதா போர்த்திக் கிடந்தது. நடுத்தர ரகம், மேலே ஒட்டிய உறை (ராப்) சிவப்பு, ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து ஆரஞ்சாகிவிட்டது. பையன் நிறத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கினான். நான் டியூனிங் கீயை எடுத்து, "அங்கிள், ஸ்கின் கழட்டிப் பாக்கலாமா?" என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு மரியாதை. "கழட்டுப்பா, இதுவரைக்கும் வந்தவன் எவனும் கேக்கல, எல்லாரும் அடிச்சுத்தான் பாத்தானுங்க" என்றார்.

ஸ்கின்னையும் ரிம்மையும் எடுத்துவிட்டு வெறும் ஷெல்லை, அதாவது டிரம்மின் மர உடலை, அவர் வீட்டு அடுப்பங்கரை கிரானைட் மேடையில் கவிழ்த்தோம். மேடை சமதளம், அதுதான் முக்கியம், மர மேசையில் வைத்தால் மேசையின் கோணல் எது டிரம்மின் கோணல் எது என்று தெரியாது. விளக்கை அணைத்து, போன் டார்ச்சை ஷெல்லுக்குள் எரியவிட்டு மூடினால், மரத்தின் விளிம்பு கல்லில் சரியாக உட்காராத இடத்தில் வெளிச்சம் கசியும். 12 அங்குலத்தில் கசிவே இல்லை. ஃப்ளோர் டாமில் ஓர் இடத்தில் மெல்லிய கீற்று, தாளைச் செருகிப் பார்த்தால் நுழையவில்லை, பரவாயில்லை என்று விட்டோம். ஒரு ரூபாய் நாணயம் போகிற மாதிரி இடைவெளி இருந்திருந்தால் அந்த டிரம் ஆயுசுக்கும் சுருதி நிற்காது, எழுந்து வந்திருப்போம். அங்கிளின் மனைவி டீ போட வந்து, இருட்டில் மூன்று ஆம்பிளைகள் அடுப்பங்கரையில் குனிந்து நிற்பதைப் பார்த்து, "என்னய்யா பண்றீங்க என் கிச்சன்ல?" என்று லைட்டைப் போட்டுவிட்டார். பேஸ் டிரம் மேடையில் நிற்காது, அதை ஹால் தரையில் செய்தோம். அப்புறம் டேப்பால் குறுக்கே இரண்டு திசையில் அளந்து வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறதா என்று பார்த்தோம், ஷெல்லில் பதித்த ஒவ்வொரு லக்கிலும் திருகு வழுக்காமல் ஏறுகிறதா, ஸ்னேரின் நெம்புகோல் போட்டால் நிற்கிறதா என்று பார்த்தோம். ஸ்னேர் வயர் மட்டும் தொங்கிப்போயிருந்தது, அது சில நூறு ரூபாய் சமாச்சாரம். ஸ்டாண்டுகள், பெடலோடு பதினாறாயிரம். கூட வந்த பித்தளை சிம்பல்களை அங்கிளே "இத வேணா எடுத்துட்டுப் போ, எனக்கு எதுக்கு" என்று தலையில் கட்டிவிட்டார்.

ஷெல் என்ன மரம் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். மேப்பிளா பிர்ச்சா பாப்ளரா என்று சண்டை போடுகிற நேரத்தில் ஸ்கின் மாற்றினால் பத்து மடங்கு வித்தியாசம் கேட்கும். பழைய கிட்டில் முக்கால்வாசி நேரம் இரண்டு அடுக்கு வைத்த, எண்ணெய்ப் படலம் மாதிரி மினுங்கும் ஸ்கின்தான் போட்டிருப்பார்கள். ஓங்கி அடிக்கிறவர்களுக்கு அது தாங்கும், ஆனால் மெதுவாக அடித்தால் டிரம் வாயே திறக்காது. ஜாஸில் நாம் பாதி நேரம் மெதுவாகத்தான் அடிக்கிறோம். அதனால் ஒரே அடுக்கு, மேலே வெள்ளைப் பூச்சு கொண்டது: ரெமோ கோட்டட் அம்பாசடர், அல்லது எவன்ஸ் ஜி1 கோட்டட். ஸ்னேருக்கு அந்தப் பூச்சு கட்டாயம், பிரஷ் வாசிக்கும்போது சர்ர் சர்ர் என்று கேட்பது அந்தச் சொரசொரப்பில்தான். வழவழப்பான ஸ்கின்னில் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றும் கேட்காது. ஒரு காலத்தில் கன்றுத்தோல்தான் இருந்தது, 50களில் பிளாஸ்டிக் வந்தது, ரெமோ கம்பெனி 1957ல் ஆரம்பித்தது. தோலைச் சூடுகாட்டி, ரவை பூசி மாரடித்த மிருதங்கக்காரனுக்கு இதெல்லாம் சொர்க்கம். ஸ்னேர், இரண்டு டாம், பேஸ் டிரம் நாலுக்கும் மேல் ஸ்கின் மாற்ற எட்டாயிரம் ஆனது. அடி ஸ்கின் கிழியாமல் இருந்தால் இப்போதைக்கு விடலாம்.

டியூனிங்கைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. சுருதியை ராக் கிட்டைவிட மேலே ஏற்றுங்கள். 12க்கும் 14க்கும் நடுவே ச-ம இடைவெளி வைத்தால் காதுக்கு இதமாக இருக்கும். பேஸ் டிரம்முக்குள் தலையணை திணித்து வைத்திருப்பார்கள், அதை முதல் வேலையாக எடுத்து வெளியே போடுங்கள், முன் ஸ்கின்னில் ஓட்டை போட்டிருந்தால் ஓட்டை இல்லாத ஸ்கின்னாகப் பிறகு மாற்றுங்கள். ஜாஸில் பேஸ் டிரம் 'தொப்' என்று விழுந்து சாகக் கூடாது, 'தொம்' என்று ஒரு சுருதியோடு நிற்க வேண்டும். ஒரேயடியாக முழங்கினால், அடிக்கிற பக்கத்து ஸ்கின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவே மூன்று விரல் அகலத்துக்குப் பழைய வேட்டித் துண்டை நெடுக்காக இழுத்து மாட்டி ரிம்மைப் போடுங்கள். அந்தக் காலத்தில் கம்பளித் துண்டு போட்டார்கள், நம்மிடம் வேட்டி இருக்கிறது, அக்கா வீட்டுக்காரரின் மயில்கண் கரை வேட்டி ஒன்று இந்த நற்காரியத்துக்குப் போனது. அவருக்கு இன்னும் தெரியாது.

நேரே 18 அங்குலத்துக்கே போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பேஸ் டிரம் சின்னதானதால் பெடலின் அடிக்கோல் நடுவில் படாமல் மேலே போய்ப் படும், டிரம்மைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த ஒரு லிஃப்டர் வேண்டும், சில கிட்களில் கூடவே வரும், இல்லையென்றால் வாங்கியாக வேண்டும். டாம் மாட்டும் துளையும் சிலவற்றில் இருக்காது, ஸ்னேர் ஸ்டாண்ட் இன்னொன்றில் டாமை உட்கார வைக்கலாம். அதேபோல 16 அங்குல ஃப்ளோர் டாமைப் படுக்கவைத்து, மர வளையமும் கால்களும் பொருத்தி பேஸ் டிரம்மாக மாற்றுகிறவர்கள் உண்டு. கைவேலை தெரிந்தவர்களுக்கு நல்ல விளையாட்டு, தெரியாதவர்கள் ஷெல்லில் துளை போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

பெடல் ஒற்றைச் செயின் போதும், சொல்லப்போனால் அங்கிளின் பழைய பெடலே போதும். அடிக்கோல் மட்டும் மிருதுவான ஃபெல்ட்டாக இருக்கட்டும். ஜாஸில் பேஸ் டிரம்மை நாலு தட்டிலும் கேட்டும் கேட்காமலும் தொடுகிற ஒரு பழக்கம் உண்டு, டபுள் பேஸ் வாசிக்கிறவருக்கு மட்டும் அது தெரிய வேண்டும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரிந்தால் சத்தம் அதிகம். பிளாஸ்டிக் அடிக்கோலில் அது வரவே வராது. ஸ்டூலில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், செட்டோடு வரும் ஸ்டூல் ஆடும், முதுகு போகும். நாலாயிரம் போட்டு உறுதியான ஒன்று வாங்கினோம். ரைடு, கிட், ஸ்கின், ஸ்டூல் எல்லாம் சேர்த்து நாற்பத்தாறாயிரம். மிச்சம் நாலாயிரத்தில் ஒரு ஜோடி பிரஷ், ஸ்டிக், ஸ்னேர் வயர், சிக்பேட்டையில் ஒரு தரைவிரிப்பு, டெம்போ வாடகை. டபுள் பெடல் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

அபார்ட்மெண்டில் இருக்கிறவர்கள் சத்தத்தைப் பற்றி முதலிலேயே யோசித்துவிடுங்கள். தரைவிரிப்பு டிரம் நழுவாமல் இருக்கத்தான், கீழ்வீட்டு அம்மாவை அது காப்பாற்றாது. வலை மாதிரி இருக்கும் மெஷ் ஸ்கின், ஓட்டை ஓட்டையாகப் போட்ட சத்தம் குறைந்த சிம்பல் எல்லாம் விற்கிறார்கள், ஆனால் எதைக் கேட்பதற்காக இத்தனை பாடுபட்டு ரைடு தேடினோமோ அதையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டைத் தகட்டைத் தட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வாரநாளில் பிராக்டிஸ் பேடும் பிரஷ்ஷும், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டாரிடம் நேரம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முழுக் கிட். அக்கா வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது. மாடி வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி வந்து, "அந்த வெண்கலம் ஒண்ணு கேக்குதே, அது நல்லா இருக்கு தம்பி, மத்ததைக் கொஞ்சம் கம்மி பண்ணு" என்றாராம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

பாக்கி இருப்பது ஹை-ஹேட், காலால் மிதித்து மூடும் ஜோடி சிம்பல். இப்போதைக்கு அங்கிள் தலையில் கட்டிய பித்தளை ஜோடியைத்தான் அக்கா மகன் நாலு தட்டில் 2லும் 4லும் காலால் மூடிக்கொண்டிருக்கிறான், மிதிக்கிற சத்தம் மட்டும் வந்தால் போதும் என்பதால் ஓடுகிறது, ஸ்டிக்கால் தொட்டால்தான் வண்டவாளம் தெரியும். புது 14 அங்குல பி20 ஜோடி இப்போது கட்டுப்படியாகாது. 15 அல்லது 16 அங்குல மெல்லிய கிராஷ் (ஓங்கி ஒரு அடிக்கு வைக்கும் சிம்பல்) இரண்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் மாட்டினால் இருண்ட, அகலமான, அருமையான ஹை-ஹேட் கிடைக்கும். ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கீழே இருப்பது மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தால் நல்லது. யாரிடமாவது விரிசல் இல்லாத பழைய கிராஷ் கிடந்தால், ஒற்றையாக இருந்தாலும் சரி, கீழே ஒரு வரி போடுங்கள். அல்சூர், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் என்றால் இவனே வண்டியில் வந்து பார்த்துக்கொள்வான். தராசோடுதான் வருவான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.